லீட்ஸ் முதல் பிஸ்லி வரை: பழைய ஸ்னைப்பர் துப்பாக்கிகளும் அவற்றின் கண்ணாடிகளும்

புதன், லீட்ஸ்

ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏர் ஆற்றங்கரையில் 1996இல் திறந்த பெரிய கட்டடம். உள்ளே போகிற எல்லாரையும் போல நாங்களும் முதலில் யானைக் கவசத்தின் முன்னால்தான் நின்றோம். முகலாயர் காலத்துக் கவசம் அது, 1801இல் லேடி கிளைவ் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது, அவருடைய கணவர் அப்போது மதராஸ் கவர்னர். நம் ஊர்த் துறைமுகத்தோடு இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது என்று மச்சினனிடம் சொன்னேன். அவன் இந்த ஊரிலேயே பல வருடமாக இருக்கிறான், இதுவரை உள்ளே வந்ததில்லை.

நான் வந்தது பக்கத்தில் இருக்கிற நேஷனல் ஃபயர்ஆர்ம்ஸ் சென்டருக்காக. அங்கே நினைத்த நேரத்தில் போக முடியாது, முன்கூட்டியே எழுதி, என்ன பார்க்க வேண்டும், எதற்கு என்று சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அங்கிருக்கும் சேகரிப்பின் அடிப்படை ‘பேட்டர்ன் ரூம்’ என்கிற அரசாங்க மாதிரி அறை. படைக்காக ஒரு துப்பாக்கி ஒப்புக்கொள்ளப்பட்டால் அதன் மூல மாதிரி ஒன்றை முத்திரையிட்டு வைத்துவிடுவார்கள், தொழிற்சாலைகள் அதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். லண்டன் பக்கத்து என்ஃபீல்டில் இருந்த அந்த அறை, அங்கே தொழிற்சாலை மூடப்பட்ட காலத்தில் நாட்டிங்ஹாமுக்குப் போய், 2005இல் லீட்ஸுக்கு வந்து சேர்ந்தது.

நான் கேட்டிருந்தது நம்பர் 4 மார்க் 1 (டி). இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ஸ்னைப்பர்களின், அதாவது மறைந்திருந்து தூரத்தில் குறிபார்த்துச் சுடுபவர்களின் துப்பாக்கி. சாதாரண லீ என்ஃபீல்டு நம்பர் 4தான், .303 தோட்டா, பத்துத் தோட்டா மேகசின். ஆனால் தொழிற்சாலையில் சுட்டுப் பார்க்கும்போது எது மற்றதைவிட நெருக்கமாகக் குறியில் போடுகிறதோ அதைத் தனியாக எடுத்து வைப்பார்கள், அதில்தான் தொலைநோக்கி ஏறும். கையுறை மாட்டிக்கொண்டு மேசைமேல் விரித்த மெத்தையில் அதைப் பார்த்தேன். இத்தனை வருடம் படங்களில் பார்த்ததற்கும் நேரில் பார்ப்பதற்கும் இருக்கிற வித்தியாசத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நான் டூல் ரூமில் வேலை பார்த்து வளர்ந்தவன், என் கண் நேராக ஸ்க்ரூக்களுக்குத்தான் போனது.

துப்பாக்கி உடலின் இடது பக்கத்தில் முன்னும் பின்னும் இரண்டு எஃகு மேடைகள். அவற்றின்மேல் தொலைநோக்கியைத் தாங்கும் வார்ப்பு இரும்பு பிராக்கெட் வந்து உட்காருகிறது, கையாலேயே முறுக்கும் இரண்டு பெரிய திருகுகளில் நிற்கிறது. தொலைநோக்கி குழலுக்கு நேர் மேலே, கொஞ்சம் உயரமாக இருக்கிறது. அதனால் கன்னத்தைச் சாய்க்க மரக்கட்டையில் இன்னொரு மரத்துண்டு வைத்துத் திருகியிருக்கிறார்கள். பின்பக்கச் சாதாரணக் குறியில் இருந்த சின்னத் துவாரத்தைத் தொலைநோக்கிக்கு இடம் விட ராவி எடுத்துவிட்டார்கள். தொலைநோக்கி மேலே மறைப்பதால் ஐந்து தோட்டாக்களை ஒரே அழுத்தில் உள்ளே தள்ள முடியாது, ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். உடலின் இடது பக்கத்தில் ஒற்றை ‘டி’ (T) எழுத்து.

அப்புறம் எண்கள். துப்பாக்கியின் வரிசை எண் பிராக்கெட்டில் இருக்கிறது. தொலைநோக்கியின் வரிசை எண் துப்பாக்கியின் மரக்கட்டையில், கை பிடிக்கும் இடத்துக்கு மேலே குத்தப்பட்டிருக்கிறது. இது இதற்குத்தான், மாற்றாதே என்று பொருள். ஏன் அப்படி என்பதற்கு அந்தக் கண்ணாடிக்குள்ளே பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

இந்தத் தொலைநோக்கிக்கு நம்பர் 32 என்று பெயர். முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைத்தது, அதனால்தான் இவ்வளவு தடிமன், பிராக்கெட்டோடு சேர்த்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. மூன்று மடங்குதான் பெரிதாக்கும். உள்ளே பார்த்தால் கீழிருந்து எழும் கூரான முள், அதன் நுனியை ஒட்டிக் குறுக்கே ஒரு கம்பி. மேலே இருக்கும் டிரம்மைத் திருகினால் தூரம் மாறும், 1000 கெஜம் வரை கோடு போட்டிருக்கிறது. இப்போதைய தொலைநோக்கிகளில் டிரம்மை எவ்வளவு திருகினாலும் குறிக்கம்பி நடுவிலேயே நிற்கும், உள்ளே இருக்கும் சிறு குழாயோடு பிம்பம்தான் நகரும். நம்பர் 32இல் அப்படி இல்லை, முள்ளே நகர்கிறது. துப்பாக்கியில் தொலைநோக்கி லேசாகக் கோணலாக உட்கார்ந்திருந்தால் அதைச் சரிக்கட்ட முள்ளை ஓரத்துக்குத் தள்ள வேண்டிவரும், பார்க்கிற வட்டத்தின் நடுவை விட்டு முள் எங்கோ ஒதுங்கி நிற்கும். ஆகவே பிராக்கெட் உட்காரும்போதே குழலின் அச்சும் கண்ணாடியின் அச்சும் ஒத்துப்போகும்படி கைவேலையாகப் பொருத்தியாக வேண்டும். அப்படிப் பொருத்திய ஜோடியைப் பிரித்து வேறொரு துப்பாக்கியில் மாட்டினால் அத்தனை வேலையும் போச்சு.

இதை மச்சினனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டான், “அப்போ மாமா, துப்பாக்கி தனி, ஸ்கோப் தனின்னு இவங்க வைக்கிறதே தப்பா?” தப்புதான். எத்தனையோ அருங்காட்சியகங்களில் துப்பாக்கிக்கு நான்கு வரி எழுதிவிட்டு மேலே இருப்பதற்கு ‘தொலைநோக்கியுடன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், அதை யார் செய்தார், எங்கே செய்தார் என்று ஒன்றும் இருக்காது. இந்தப் பயணத்தில் நான் தேடுவது அந்த விடுபட்ட பாதியைத்தான்.

வியாழன், லீட்ஸ்

விடுபட்ட பாதி இதே ஊரிலேயே தொடங்குகிறது. நம்பர் 32 தொலைநோக்கிகளில் பலவற்றின்மேல் ‘ஏ.கே. அண்ட் எஸ்’ என்று இருக்கும், அது ஏ. கெர்ஷா அண்ட் சன்ஸ், லீட்ஸ் நிறுவனம். போருக்கு முன்னால் அவர்களுடைய பெயர் சினிமா உலகத்தில்தான் பிரபலம், ‘காலீ’ என்ற புரொஜெக்டர் அவர்களுடையது. திரையரங்கில் படம் ஓட்டும் கருவிக்கு லென்ஸும் நுட்பமான பல்சக்கரமும் செய்யத் தெரிந்த கைகள் போர் வந்ததும் இந்த வேலைக்கு மாறின.

அதனால் இன்று ஆர்ம்லி மில்ஸ் போனோம். கால்வாயோரத்துப் பழைய கம்பளி ஆலை, இப்போது லீட்ஸ் தொழில்துறை அருங்காட்சியகம். நெசவு இயந்திரங்களைத் தாண்டிப் போனால் சினிமாப் பகுதி. 1888இல் லூயி லே பிரின்ஸ் லீட்ஸ் பாலத்தின்மேல் வண்டியும் மனிதர்களும் போவதைப் படம் பிடித்தார், உலகத்தின் மிகப் பழைய அசையும் படங்களில் அதுவும் ஒன்று. அந்த ஊரில் லென்ஸ் தொழில் வளர்ந்ததில் வியப்பில்லை.

ஒரு லென்ஸ் செய்வது என்ன பாடு என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி வட்டை உலோகக் கிண்ணத்தில் தண்ணீரும் மணல் போன்ற மாவும் போட்டு அரைக்க வேண்டும், பிறகு இன்னும் நைசான மாவு, அதற்குப் பிறகு இன்னும் நைசு, கடைசியில் கீல் பூசிய தட்டில் மெருகு. வளைவு சரியா என்று சோதிக்க மாதிரிக் கண்ணாடியை மேலே வைத்து, இரண்டுக்கும் நடுவில் தோன்றும் வண்ண வளையங்களைப் பார்ப்பார்கள், வளையம் வட்டமாக இருந்தால் சரி, நெளிந்தால் திரும்ப மெருகு. நிறப் பிழை வராமல் இருக்க இரண்டு வகைக் கண்ணாடியில் செய்த லென்ஸ்களைக் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டுவார்கள். அந்தப் பிசின்தான் எண்பது வருடம் கழித்து மஞ்சளாகி, ஓரத்தில் விட்டுப்போய், சேகரிப்பவர்களைத் தவிக்க வைக்கிறது.

ஒளி இழப்பு இன்னொரு தொல்லை. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் நாலைந்து சதவீத ஒளி திரும்பிப் போய்விடும், உள்ளே பல லென்ஸ்கள், கூட்டிப் பார்த்தால் நிறையப் போகும். ஸ்னைப்பருக்கு வேலை பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும், அந்த நேரத்தில் ஒவ்வொரு துளி வெளிச்சமும் வேண்டும். ஜெர்மனியில் சைஸ் நிறுவனத்தின் ஸ்மாகுலா 1935இலேயே பிரதிபலிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்துவிட்டார், அதை அவர்கள் ராணுவ ரகசியமாக வைத்திருந்தார்கள்.

மாலையில் மழை. மச்சினன் வீட்டில் சாம்பார், சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

வெள்ளி, பர்மிங்ஹாம்

காலை ரயில். நியூ ஸ்ட்ரீட் நிலையத்துக்கு முன்னால் ரயில் பிரூஃப் ஹவுஸ் சந்திப்பைத் தாண்டி வருகிறது, 1813இலிருந்து துப்பாக்கிக் குழல்களை அதிக மருந்து போட்டு வெடித்துச் சோதித்து முத்திரை குத்தும் இடம் அது. வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

ஸ்மால் ஹீத் போய் ஆர்மரி ரோடில் நடந்தேன். பி.எஸ்.ஏ. (பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்) என்ற துப்பாக்கி நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்த இடம். 1940 நவம்பர் 19 இரவு விழுந்த குண்டில் உள்ளே வேலையில் இருந்த 53 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு உற்பத்தியைப் பல இடங்களுக்குப் பிரித்தார்கள், பக்கத்து ஊரான ஷெர்லியில் பி.எஸ்.ஏ. செய்த நம்பர் 4 துப்பாக்கிகள்தான் ஸ்னைப்பர் வேலைக்கு மிகுதியாகப் பொறுக்கப்பட்டவை. அந்தத் துப்பாக்கிகளைப் பற்றிப் பேசும்போது அந்த 53 பேரை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் யாரும் போர்முனைக்குப் போனவர்கள் இல்லை, இரவு ஷிஃப்டுக்கு வந்தவர்கள்.

பிற்பகல் ஸ்மெதிக். கால்வாயோரமாக நடந்தால், தலைக்கு மேலே எம்5 நெடுஞ்சாலை தூண்களில் ஓட, கீழே செங்கல் கட்டடங்கள் சிதிலமாக நிற்கின்றன, அதுதான் சான்ஸ் பிரதர்ஸ் கண்ணாடித் தொழிற்சாலை. 1851இல் லண்டனில் எழுந்த கண்ணாடி மாளிகையான கிரிஸ்டல் பேலஸுக்குக் கண்ணாடி கொடுத்தவர்கள், உலகம் முழுக்கக் கலங்கரை விளக்கங்களுக்கு லென்ஸ் அனுப்பியவர்கள். 1981இல் இங்கே உலை அணைந்தது. இங்கே நான் நின்ற நேரம் அதிகம். 1914இல் போர் தொடங்கியபோது பிரிட்டனில் லென்ஸுக்கான கண்ணாடி உருக்கியது இந்த ஒரு நிறுவனம்தான். மற்றதெல்லாம் ஜெர்மனியின் யேனாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. எதிரி நாட்டுக் கண்ணாடியை நம்பியிருந்த ராணுவம்! 1915இல் சுவிட்சர்லாந்து வழியாக ஜெர்மனியிடமே பைனாகுலர் வாங்கப் பேச்சு நடந்தது, அந்த அளவுக்கு நெருக்கடி.

இந்தக் கண்ணாடியை உருக்குவதே பெரும் வித்தை. களிமண் பானையில் உருக்கி, நுரையும் கோடும் இல்லாமல் கலந்து கிளறி, பிறகு நாள்கணக்கில் மெல்ல ஆறவிட்டு, கடைசியில் பானையையே உடைத்து, உள்ளே இருக்கிற பாளத்தில் பழுதில்லாத துண்டுகளை மட்டும் பொறுக்குவார்கள். பெரும்பகுதி கழிவு. 1848இல் பிரான்ஸிலிருந்து வந்த போந்தாம் என்பவர்தான் அந்தக் கிளறும் முறையை இங்கே கொண்டுவந்தார்.

1914–15 குளிர்காலத்தில் அகழிகளில் என்ன நடந்தது என்பதற்கு இப்படிப்பட்ட உலைகள் நம்மிடம் போதாமல் போனதுதான் காரணம் என்று பிரிட்டன் சார்பில் சொல்வேன். ஜெர்மன் தரப்பில் வேட்டைத் துப்பாக்கிகளில் ஏற்கெனவே நல்ல தொலைநோக்கிகள் இருந்தன. பிரிட்டிஷ் தரப்பில் அப்படி ஏறக்குறைய எதுவும் இல்லை. அகழிச் சுவருக்கு மேலே தலை தெரிந்தால் போயிற்று. தொடக்கத்தில் குழாயே இல்லாமல் துப்பாக்கியின் முன்னால் ஒரு லென்ஸும் பின்னால் ஒரு லென்ஸும் மாட்டிச் சமாளித்தார்கள். பிறகு பெரிஸ்கோப்பிக் பிரிசம், ஆல்டிஸ் போன்ற நிறுவனங்களின் தொலைநோக்கிகள் வந்தன, ஆனால் அவற்றைக் குழலுக்கு இடது பக்கமாக ஒதுக்கிப் பொருத்தச் சொல்லிவிட்டார்கள். மணல் மூட்டைகளுக்கு நடுவே இரும்புத் தகட்டில் சின்ன ஓட்டை, அதன் வழியே குழலை நீட்டினால் தொலைநோக்கி தகட்டைத்தான் பார்க்கும். தலைமையகத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு அது, அதற்கு விலை கொடுத்தவர்கள் அகழியில் இருந்தவர்கள். நம்பர் 4 (டி)யில் தொலைநோக்கி நேர் மேலே இருப்பதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதிக்கு இதுதான் காரணம்.

சனி, லண்டன்

ஹாரோ ரோடில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தொழிற்கூடத்தை வெளியே நின்று பார்த்தேன், 1898இல் கட்டியது. மகாராஜாக்களுக்கும் வேட்டைக்காரச் சீமான்களுக்கும் வேலைப்பாடு செய்த இரட்டைக் குழல் துப்பாக்கி செய்து கொடுத்தவர்கள். முதலில் சோதனைக்காக என்ஃபீல்டில் சுமார் 1,400 நம்பர் 4 துப்பாக்கிகளை மாற்றிப் பார்த்த பிறகு, 1942இலிருந்து இந்த நிறுவனத்திடம் வேலை வந்தது. போர் முடிவதற்குள் இருபதாயிரத்துக்கும் மேல் மாற்றிக் கொடுத்தார்கள். எஃகு மேடையைப் பொருத்தி, பிராக்கெட்டை ஒவ்வொன்றாக உட்காரவைத்து, சரிபார்த்து, சுட்டுப் பார்த்து. 200 கெஜத்தில் 5 அங்குல வட்டம், 400 கெஜத்தில் 10 அங்குல வட்டம், இதற்குள் குண்டுகள் விழ வேண்டும் என்பது தேர்வு. தேறினால் துப்பாக்கிக்கு மரப்பெட்டி, தொலைநோக்கிக்குத் தோளில் மாட்டும் தகரப் பெட்டி.

மச்சினன் லீட்ஸிலேயே நின்றுவிட்டான், போனில் கேட்டான்: “மாமா, இவ்வளவு பாசமா பேசறீங்க, அது ஆளைக் கொல்ற சாமான்தானே?” ஆமாம். அதை நான் மறந்ததே இல்லை. மூன்று மடங்கில் பார்த்தால் எதிரில் இருப்பவனின் சீருடை மட்டும் தெரியாது, அவன் டீ குடிக்கிறானா, பக்கத்தில் இருப்பவனோடு பேசுகிறானா என்பதும் தெரியும். பீரங்கிக்காரனுக்கு அது தெரியாது. அதனால்தான் இரு தரப்பிலும் பிடிபட்ட ஸ்னைப்பரிடம் இரக்கம் காட்டியவர்கள் குறைவு, சொந்தப் படையிலேயே அவர்களை ஒதுக்கி வைத்தவர்கள் உண்டு. கருவியைச் செய்தவர்களின் கைத்திறனை மதிப்பதும் அது செய்த வேலையை மறக்காமல் இருப்பதும் ஒன்றையொன்று வெட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் ஹெஸ்கெத் பிரிச்சர்டைச் சொல்ல வேண்டும். ஹாம்ஷயர் அணிக்கு வேகப்பந்து போட்டவர், பெரிய வேட்டைக்காரர். பிரிட்டிஷ் அகழிகளில் ஆட்கள் சும்மா செத்துக்கொண்டிருப்பதைப் பொறுக்காமல், 1916இல் பிரான்ஸில் லிங்கெம் என்ற ஊரில் ஸ்னைப்பர் பள்ளி தொடங்கினார். அவருடைய யுக்தி ஒன்றைப் படித்துவிட்டு எழுந்து நடந்திருக்கிறேன். காகிதக் கூழில் மனிதத் தலை செய்து, குச்சியில் செருகி, அகழிச் சுவருக்கு மேலே மெல்ல உயர்த்துவார்கள். எதிரி அதைச் சுட்டதும் தலையில் முன்னும் பின்னும் இரண்டு ஓட்டை. தலையைத் தாழ்த்தி, அந்த ஓட்டைகள் வழியே பெரிஸ்கோப்பில் பார்த்தால் குண்டு வந்த திசை அப்படியே தெரியும், சுட்டவன் எந்த மறைவில் இருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடலாம். அவர் துப்பாக்கித் தொலைநோக்கிக்குக் கொடுத்த அதே மதிப்பைக் கையில் வைத்துப் பார்க்கும் நீளத் தொலைநோக்கிக்கும் கொடுத்தார். சுடுகிறவன் ஒருவன், பார்க்கிறவன் ஒருவன், பார்க்கிறவன்தான் முக்கியம். ஸ்காட்லாந்து மலைகளில் மான் தேடிப் பழகிய லோவட் ஸ்கவுட்ஸ் படையினர் அதில் தேர்ந்தவர்கள்.

ஞாயிறு, பிஸ்லி

வாட்டர்லூவிலிருந்து புரூக்வுட். பக்கத்திலிருக்கும் பிஸ்லிக்குத்தான் பிரிட்டனின் துப்பாக்கி சுடும் சங்கமான நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் 1890இல் விம்பிள்டனிலிருந்து இடம் மாறி வந்தது. விம்பிள்டனில் 1860இல் முதல் போட்டியைத் தொடங்கி வைத்தவர் விக்டோரியா மகாராணி, தாங்கியில் நிலைப்படுத்திய விட்வொர்த் துப்பாக்கியால் 400 கெஜத்தில் முதல் குண்டைச் சுட்டார். குழலின் உள்துளை அறுகோணமாக இருக்கும் அந்த விட்வொர்த்தின் பக்கவாட்டில் டேவிட்சன் தொலைநோக்கியை மாட்டி அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படையினர் பயன்படுத்தினார்கள். அந்த டேவிட்சன் பம்பாய்ப் படையில் அதிகாரியாக இருந்தவர்.

பிஸ்லி முழுக்க மரத் தாழ்வாரம் வைத்த பழைய கிளப் கட்டடங்கள், ஊட்டியில் நிற்கிற மாதிரி இருந்தது. அக்டோபரில் நடக்கும் டிரஃபால்கர் போட்டி பழைய துப்பாக்கிகளுக்கானது, அதற்காகத்தான் பயணத்தை இந்த வாரம் வைத்தேன். வரிசையாகப் பாய் விரித்து, மோசின் நாகன்ட், மவுசர், லீ என்ஃபீல்டு என்று ஒவ்வொருவரும் தங்கள் துப்பாக்கியோடு படுத்திருந்தார்கள். ரஷ்ய மோசினில் இருந்த பி.யு. தொலைநோக்கி மூன்றரை மடங்கு, உள்ளங்கையில் அடங்கும் அளவு, நம்பர் 32ஐவிட எடை மிகக் குறைவு. குறைந்த லென்ஸ், குறைந்த வேலை, லட்சக்கணக்கில் செய்ய முடிந்தது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன், அது வேறு நாட்டின் வேறு தேவைக்கு வந்த விடை.

ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், நம்பர் 4 (டி)யோடு இருந்தார். அவருடைய தொலைநோக்கி மார்க் 3, அதாவது நம்பர் 32இன் மூன்றாம் வடிவம். பழைய மார்க் 1இல் கிளிக் ஒவ்வொன்றும் 50 கெஜம் தாவும், சரிசெய்ய தனிச் சாவியும் இன்னொருவர் கையும் வேண்டும், மார்க் 3இல் அந்தச் சங்கடம் தீர்ந்தது என்று காட்டினார். மரக்கட்டையில் இருந்த எண்ணையும் தொலைநோக்கியின் எண்ணையும் நானே ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஒத்துப்போகவில்லை. போருக்குப் பிறகு உபரியாக விற்றபோது இரண்டும் பிரிந்துவிட்டன, அவர் முப்பது வருடமாக அந்த எண்ணுள்ள தொலைநோக்கியைத் தேடிக்கொண்டிருக்கிறார், ஏலப் பட்டியல் ஒவ்வொன்றையும் பார்க்கிறார். இப்போதிருப்பதை மெல்லிய தகடு வைத்து, பல வாரம் பொறுமையாக உட்காரவைத்து, முள் நடுவுக்குப் பக்கத்தில் நிற்கும்படி செய்திருக்கிறார்.

600 கெஜத்தில் சுட்டார். குண்டு போய்ச் சேரச் சுமார் ஒரு நொடி. இலக்குக்குக் கீழே பள்ளத்தில் இருப்பவர்கள் இலக்கை இறக்கி, ஓட்டை இருக்குமிடத்தில் அட்டை குத்தி மறுபடி உயர்த்துகிறார்கள், பெரியவர் நோட்டில் குறித்துக்கொண்டு டிரம்மை ஒரு கிளிக் திருகுகிறார். இந்தக் கண்ணாடிகளின் ஆயுள் எவ்வளவு தெரியுமா? நம்பர் 4 (டி)களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 1970களில் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி எல்42 என்று பெயர் வைத்தார்கள், மேலே அதே நம்பர் 32 மார்க் 3ஐ மீட்டர் கணக்குக்குத் திருத்தி மாட்டினார்கள். 1982இல் ஃபாக்லாந்து தீவுப் போருக்குப் போனது அதுதான்.

போக நினைப்பவர்களுக்கு: லீட்ஸ் சேகரிப்புக்குப் பல வாரம் முன்பே எழுதுங்கள், எதைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் பதில் நன்றாக வரும். ஆர்ம்லி மில்ஸ் திங்கட்கிழமை போகாதீர்கள். பிஸ்லிக்குக் காதடைப்பான் கட்டாயம், யாருடைய துப்பாக்கியையும் கேட்காமல் தொடக் கூடாது, கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். அடுத்த முறை பின்லாந்தின் ரவுத்யார்வி போக ஆசை. புகழ்பெற்ற பின்லாந்து ஸ்னைப்பர் சிமோ ஹாய்ஹா பிறந்த ஊர்ப்பக்கம். பனியில் கண்ணாடி மங்கும், வெயில் பட்டு மின்னும், தலையை உயர்த்த வேண்டியிருக்கும் என்று தொலைநோக்கியே வேண்டாம் என்றவர் அவர். அங்கே அருங்காட்சியகம் கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும், ஆகவே ஜூனுக்கு மேல்தான்.